1 இலட்சம் வியூஸுக்கு 40,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். கூட்டாளிமாரோடு சேர்ந்து தப்பு என்ற பறையை அடித்து, நாங்களே எழுதிய பாட்டொன்றைப் பதிவுசெய்து யூடியூபில் போட்டோம். ஊர்ச் சனம் பார்த்ததோடு நின்றுவிட்டது. கொழும்பில் ஒருவர் 40,000 ரூபாய் தந்தால் 1 இலட்சம் வியூஸ் வரவைப்பேன், பாட்டுக் கேட்கும் ஸ்பொட்டிஃபை செயலியிலும் ஏற்றித் தருவேன், வருமானத்தில் பாதி தனக்கு வேண்டும் என்கிறார். சனலின் ஜிமெயில் பாஸ்வேர்டையும் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம் தம்பி. காசையும் கொடுக்காதீர்கள், பாஸ்வேர்டை அதைவிடக் கொடுக்காதீர்கள்.

அவர் விற்கும் 1 இலட்சத்தில் உங்கள் பாட்டைக் கேட்கிற காது ஒன்றுகூட இருக்காது. இயந்திரம் ஓட்டிக் காட்டுகிற எண்ணிக்கை அது. யூடியூப் கண்டுபிடித்தால் கழித்துவிடும், சனலையே மூடவும் கூடும். பிடிபடாவிட்டாலும் நட்டம்தான். திறந்தவர்கள் எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்பதையும் பார்த்துத்தான் யூடியூப் ஒரு பாட்டை அடுத்தவருக்குக் காட்டுகிறது. சில செக்கனில் ஓடிப்போகும் பார்வைகள் குவிந்தால், நல்ல பாட்டும் யாருக்கும் பிடிக்காத பாட்டு என்றாகிவிடும்.

வியூஸ் ஏறினால் காசு வரும் என்றும் சொல்லியிருப்பார். விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் (அல்லது ஷோர்ட்ஸ் என்ற குறுங்காணொளிகளில் 90 நாளில் 1 கோடி பார்வையும்) வேண்டும். காசு கட்டி விளம்பரமாக ஓடவிட்ட நேரம்கூட இந்த 4,000இல் சேராது.

பாஸ்வேர்ட் விஷயத்தில் எனக்குப் பொறுமையே இல்லை. சனலில் வேலை செய்ய ஒருவரைச் சேர்ப்பதென்றால், யூடியூப் ஸ்டூடியோவின் செட்டிங்ஸுக்குள் பெர்மிஷன்ஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. அவருடைய மின்னஞ்சலை அங்கே போட்டு எடிட்டர் ஆக்கினால் போதும். பிடிக்காவிட்டால் மறுநாளே நீக்கலாம். இந்தத் தொழில் செய்கிறேன் என்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் பாஸ்வேர்ட் கேட்டால், சனலே அவர் கைக்குப் போகும் நாள் தூரமில்லை.

ஆனால் ஒரு செலவை ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பொட்டிஃபையில் தனி ஆள் நேரடியாகப் பாட்டு ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. அது நியாயமான செலவு. டிஸ்ட்ரோகிட்டில் வருடச் சந்தா. கட்டாமல் விட்டால் பாட்டு இறங்கிவிடலாம். சிடி பேபி ஒருமுறை வாங்கிக்கொண்டு, பிறகு வருமானத்தில் சிறு பங்கு எடுக்கும். கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருந்தால் அது சேவை. கொழும்புக்காரரின் பெயரில் இருந்து பாதி அவருக்கென்றால், உங்கள் பாட்டு அவர் சொத்தான மாதிரிதான். உங்களில் ஒருவரே போனில் செய்யக்கூடிய வேலைக்குப் பாதி வருமானமா?

அங்கேயும் உடனே காசு கொட்டாது. 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் ஸ்பொட்டிஃபை பணம் தருவதில்லை. வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் பாடுபவர்களுக்கான ஸ்பொட்டிஃபை ஃபோர் ஆர்டிஸ்ட்ஸ் பக்கத்தின் வழியாகப் பாட்டை, அவர்களின் பிளேலிஸ்ட் (பாட்டுப் பட்டியல்) போடும் குழுவுக்கு அனுப்புங்கள். இலவசம். அந்தப் பட்டியலில் இடத்தைக் காசுக்கு வாங்கித் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார்.

கேட்கிற ஆட்கள் எங்கே என்று யோசியுங்கள். கொழும்புக் கடைகளில் நம் பிள்ளைகள், வளைகுடாவில் நம் பெண்கள், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நீலகிரிக்குப் போன கூடலூர், கோத்தகிரிச் சொந்தங்கள். இவர்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டித் தேடுகிறார்கள். அதனால் தலைப்பைத் தமிழிலும், அதே உச்சரிப்பை ஆங்கில எழுத்திலும் போடுங்கள். ஊர்ப் பெயரும் 'மலையகம்' என்ற சொல்லும் இருக்கட்டும். தப்புச் சத்தம் ஏறுகிற இடத்தை மட்டும் வெட்டி ஷோர்ட்ஸாகவும் டிக்டொக்கிலும் விடுங்கள். மாசியில் தப்படித்து ஆடும் காமன் கூத்து நடக்கும் நாட்களில் விட்டால், தப்பைத் தேடுகிற ஆட்களே வந்து சேருவார்கள்.

வருமானம் வரத் தொடங்கினால் இன்னொரு தொல்லை. 10 டொலர் சேர்ந்ததும், யூடியூபை நடத்தும் கூகுள் ஒரு இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பும். 4 மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் வருமானம் முடங்கும். நம் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எத்தனை வீட்டுக்கு இலக்கம் இருக்கிறது? கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், மேசையில் கிடந்து, யாராவது ஞாபகப்படுத்தினால் வந்து சேரும். 150 வருடமாகத் தேயிலையை உலகத்துக்கே அனுப்புகிற மலையில், ஒரு கடிதம் ஒரு வீட்டுக்கு நேரே வர வழியில்லை! ஆகவே முகவரியாக டவுனில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரரின் விலாசத்தைப் போடுங்கள். பெயரை மட்டும் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று என்று நம் பெயர்களைப் பதிவுக்காரர்கள் குழப்பி வைத்திருப்பது உங்களுக்கும் தெரியும். அதை இப்போதே சரிபாருங்கள். 100 டொலர் சேர்ந்த பிறகுதான் பணம் வங்கிக்கு வரும். பெயர் பொருந்தாவிட்டால் அதுவும் வராது.

ஏற்கெனவே பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டீர்களென்றால் இன்றிரவே மாற்றுங்கள். மீட்பு எண்ணிலும் மீட்பு மின்னஞ்சலிலும் அவருடையது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். அதன் பிறகு அவருக்குப் பதில் சொன்னால் போதும்.