ஓல்டாம் இயந்திரங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா மில்லில் ஓட்டிய ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்தைப் 'பிளாட் மெஷின்' என்றுதான் சொல்வார். அதைச் செய்த இங்கிலாந்துக் கம்பெனி பிளாட் பிரதர்ஸ் இன்று இல்லை. தொழிற்சங்கம்தான் மூடவைத்தது என்கிறார் நண்பர். ஜப்பான்காரன் காப்பியடித்து அழித்தான் என்பது என் எண்ணம். எது சரி?

க., ராஜபாளையம்

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாக பிளாட் நினைப்பாகவே இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. என் சித்தப்பா மில் ஃபிட்டர். ஃபிரேமின் இரும்பில் வார்த்திருந்த எழுத்துகளின்மேல் என் விரலைப் பிடித்து வைத்துத் தடவச் சொல்வார். எத்தனையோ பூச்சுப் பச்சை பெயிண்டுக்கு அடியிலும் பிளாட் கம்பெனியின் ஊர்ப்பெயரான 'ஓல்டாம்' தட்டுப்படும். ஆங்கிலம் எழுத்துக்கூட்டப் பழகியதே அந்த இரும்பில்தான்.

தொழிற்சங்கக் கதையை விடுங்கள். முதலாளி செய்த தப்புக்குத் தொழிலாளி தலையை உருட்டுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் 'காப்பியடித்தான்' என்கிறீர்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஹென்றி பிளாட் 1821இல் தொடங்கிய தொழில் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 12,000 பேர் வேலைசெய்யும் இடமானது. ஜவுளி இயந்திரத்தில் உலகிலேயே பெரியது. ஜப்பானின் முதல் நவீன நூற்பாலைக்கு, 1867இல், ககோஷிமாவுக்கு இயந்திரம் அனுப்பியதும் அவர்களே. 1922இல் கீச்சிரோ டொயோடா ஓல்டாமுக்கே வந்து அந்தத் தொழிற்சாலையில் சில நாள் பயின்றார். பின்னால் டொயோட்டா கார் கம்பெனியைத் தொடங்கினாரே, அவர்தான். 1924இல் அப்பா சகிச்சியின் தானியங்கித் தறி தயாரானது. அதில் மகனின் உழைப்பும் உண்டு. சாதாரண விசைத்தறியில் தார், அதாவது குறுக்கு நூல் சுற்றிய குழல், தீர்ந்தால் தறியை நிறுத்தி அதைச் சுமந்து ஓடும் நாடாவை மாற்ற வேண்டும். இதில் ஓட்டம் நிற்காமலே புது நாடா உள்ளே போய்விடும். பாவு இழை, அதாவது நீளவாக்கு நூல், அறுந்தால் தறி தானாக நிற்கும். ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். 1929இல் 1 லட்சம் பவுண்டு விலை பேசி அந்தத் தறியைச் செய்து விற்கும் உரிமையை வாங்கியது யார் தெரியுமா? பிளாட் கம்பெனி! விற்க வந்தவர் அதே கீச்சிரோ. இதுவா காப்பி? கோவையில் 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியவர்களும் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியிடம் தொழில்நுட்பம் வாங்கித்தான் கற்றார்கள். அவர்களையும் திருடர் என்பீர்களா தம்பி?

வாங்கிய உரிமையால் பிளாட்டுக்குப் பெரிய பலன் இல்லை. ஓல்டாம் இருந்த லங்காஷயர் வட்டாரத்து மில்கள் பழைய தறியையே ஓட்டின. துணி ஏற்றுமதி சரிந்திருந்தது, புது இயந்திரத்துக்குப் பணம் போட ஆளில்லை. 1931இல் போட்டிக் கம்பெனிகளோடு ஒன்றாகச் சேர்ந்தும் பழைய நிலை திரும்பவில்லை. 1982இல் மூடினார்கள்.

தாத்தா நல்லபடியாக இருக்கிறாரா? அந்த ஃபிரேமில் இழை அறுந்தால் எப்படிப் பிணைத்தார், ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை கதிர் (நூல் சுற்றும் ஸ்பிண்டில்) பார்த்தார் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். இந்தத் தளத்திலேயே போடுகிறேன்.