நொதிக்குத் தன் தளப்பொருள் எது என்று எப்படித் தெரிகிறது? பூட்டு-சாவி விளக்கம் மட்டும் போதுமா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் பிளஸ் ஒன்னோ பிளஸ் டூவோ படிப்பவராக இருக்க வேண்டும். கைடில் உள்ள நாலு வரி மனப்பாடம் ஆகியிருக்கும், ஆனால் மனசுக்குள் உட்கார்ந்திருக்காது.

போதாது என்பதுதான் என் பதில். நொதி (என்சைம்) என்றால் உடலில் வினைகளை வேகப்படுத்தும் புரதம், அது பிடித்து மாற்றும் பொருள்தான் தளப்பொருள். பூட்டு-சாவி தப்பு என்று நான் சொல்லவில்லை, அதற்குள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1894இல் சொன்னது அது: பூட்டில் சாவி போல, நொதியில் உள்ள பள்ளத்தில் தளப்பொருள் பொருந்த வேண்டும். வடிவம் பொருந்தினால்தான் வேலை நடக்கும் என்பது இன்றைக்கும் நிற்கிறது. சோற்றில் இருக்கும் ஸ்டார்ச்சும் வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸும் குளுக்கோஸைக் கோத்த சங்கிலிகள்தான், கோத்த விதம் மட்டும் வேறு. நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் முதலாவதை வெட்டும், இரண்டாவதைத் தொடாது.

ஆனால் பூட்டு இரும்பு, நொதி புரதம். தளப்பொருள் வந்து உட்காரும்போது நொதியில் உள்ள பள்ளமும் அசைந்துகொடுத்து அதைச் சுற்றி இறுகுகிறது. 1958இல் டேனியல் கோஷ்லாண்ட் என்ற விஞ்ஞானி சொன்ன ‘தூண்டப்பட்ட பொருத்தம்’ இதுதான். ஹெக்சோகைனேஸ் என்ற நொதி, குளுக்கோஸ் உள்ளே வந்ததும் தன் இரண்டு மடலையும் சேர்த்து மூடிக்கொள்ளும். அந்த இறுக்கத்தில் தளப்பொருளும் வளைந்து இழுபடுவதால் வினை சுலபமாக நடக்கிறது. பூட்டைத் திறந்த சாவி சாவியாகவே வெளியே வரும். தளப்பொருள் வேறு பொருளாக மாறித்தான் வெளியே வரும்.

எங்கள் ஆயா கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்து, தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்றவர். பழைய புடவைத் துணியை முறுக்கிச் சுருட்டிச் சும்மாடு வைப்பார். கூடை ஏறும்வரை அது வெறும் துணி வளையம். ஏறியதும் கூடையின் அடிக்கு ஏற்ப அமுங்கி, அசையாமல் பிடித்துக்கொள்ளும். கூடையை இறக்கியதும் அதே சும்மாடு அடுத்த நடைக்குத் தயார். நொதியும் அப்படித்தான், வேலை முடிந்ததும் தான் தீராமல் அடுத்த மூலக்கூறுக்குப் போகும்.

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் இதை அப்படியே எழுதினேன். ஐந்துக்கு ஒரு மார்க். பக்கத்தில் சிவப்பு மையில் ‘கதை வேண்டாம்’. கேட்கப் போனால், “மீன் கூடையெல்லாம் பயாலஜியில் வராதும்மா” என்றார் சார். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சும்மாடு உவமையும் பாதி தூரம்தான் வரும், அது கூடையை உடைக்காது என்று சொல்பவர்களுக்கு: தெரியும், ஒத்துக்கொள்கிறேன். பரீட்சையில் நீங்கள் பூட்டு-சாவி, தூண்டப்பட்ட பொருத்தம் இரண்டு பெயரையும் எழுதிவிடுங்கள்.

இப்போது நானும் டீச்சர். லேப் பீரியட் வந்தால் கணக்கு டெஸ்டுக்குப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அயோடின் பாட்டில் என் சம்பளத்தில் வாங்குவது. செய்துபார்க்காமல் இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்?

போன வருஷம் ஒருவழியாக ஒரு பீரியட் கிடைத்தது. கஞ்சித் தண்ணீரில் எச்சிலைக் கலந்து, அவ்வப்போது ஒரு சொட்டு எடுத்து வெள்ளை ஓட்டில் அயோடினோடு வைத்தோம். ஸ்டார்ச் இருந்தால் அயோடின் கருநீலமாகும். முதல் சொட்டு கருநீலம், அப்புறம் செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் மஞ்சள் மட்டும். ஒரு பையனுடைய சொட்டுகள் மட்டும் கடைசிவரை கருநீலமாகவே நின்றன. எச்சில் இருந்த குழாயை முதலில் கொதிநீரில் வைத்து மறந்திருக்கிறான். அதை ஆறவைத்துக் கலந்தும் பயனில்லை. சூட்டில் புரதம் வடிவம் குலைந்தால் பள்ளமும் போச்சு.

அவன் ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: “அப்போ சும்மாடு பிரிஞ்சுபோச்சா மிஸ்?”

ஆமாம்டா என்றேன். அவனுடைய ரெக்கார்டு நோட்டில் அதையே எழுதச் சொல்லி முழு மார்க் போட்டேன்.