கைரேகையை ஏற்க மறுக்கிறதே, ஏன்?

கேள்வி: அம்மா புளி உடைக்கும் வேலை செய்பவர். வங்கிக் கணக்கு தொடங்க ஆதார் கைரேகை வைத்தால் தோல்வி என்றே வருகிறது. என் டீமேட் கணக்கும் (பங்குகளை வைத்திருக்கும் கணக்கு) 'பெயர் பொருந்தவில்லை' என்று நிற்கிறது. என்ன செய்வது?
– வாசகர், பென்னாகரம்

பதில்: திரையில் வரும் பிழை எண்ணை முதலில் கேளுங்கள். பலரும் இதைக் கேட்பதே இல்லை. 330 என்றால் பயோமெட்ரிக் (கைரேகை, கருவிழி போன்ற உடல் அடையாளப் பதிவு) பூட்டப்பட்டிருக்கிறது. எம்ஆதார் செயலியில் திறந்துவிடலாம். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. புளி, கல்குவாரி, செங்கல் சூளை வேலைகளில் ரேகை தேய்வது சகஜம். கையைக் கழுவித் துடைத்து, சற்று ஈரப்பதத்தோடு, கட்டைவிரலை மட்டும் நம்பாமல் மற்ற விரல்களையும் வையுங்கள். கருவியின் கண்ணாடியையும் துடைக்கச் சொல்லுங்கள். அப்படியும் வராவிட்டால் கருவிழி, முகம், ஓடிபி ஆகியவற்றில் அங்கே எந்த வசதி உண்டு என்று கேளுங்கள். ஓடிபி ஆதாரில் பதிந்த எண்ணுக்கே வரும். அந்த எண் இப்போது உங்களிடம் இல்லையென்றால் ஆதாரில் எண்ணை மாற்ற வேண்டும். ரேகையைப் புதுப்பிக்க ஆதார் மையத்துக்கு நேரில் போக வேண்டும்.

உங்கள் டீமேட் கணக்கின் சிக்கல் பெரும்பாலும் இனிஷியல்தான். ஆதாரில் 'சரவணன் மு', பான் அட்டையில் 'சரவணன் முருகன்' என்றிருந்தால், கணினிக்கு இருவரும் வேறு ஆட்கள். ஒன்றை மற்றொன்றுக்கு இணங்கத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், அவசரப்பட வேண்டாம். பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீடியோ சரிபார்ப்பு என்றால் இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் செயலியை அணைத்து, இருப்பிட அனுமதியைக் கொடுங்கள். ஆதார் சந்தேகங்களுக்கு 1947 என்ற எண்ணை அழையுங்கள்.