யூரின் டியூப், மூக்கு டியூப் பிளாஸ்திரி நிக்க மாட்டேங்குதா? எங்கன ஒட்டணும், எதை வாங்கணும்

அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காவ. மாமனாருக்கு பக்கவாதம், இடது கை கால் வரல, ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு, யூரினுக்கு ஒரு டியூப், மூக்கு வழியா சாப்பாட்டுக்கு ஒரு டியூப். "அக்கா, ரெண்டுலயும் பிளாஸ்திரி ஒரு நாள்கூட நிக்கல, வேர்வையில கழண்டு தொங்குது, பிச்சு எடுத்தா தோலும் சேர்ந்து வருது, இப்ப யூரின் டியூபை மாமாவோட அருணாக்கயித்துல நூல் போட்டு கட்டி வச்சிருக்கோம், மருந்துக்கடையில ஒட்டுற கிளிப்புன்னு ஒண்ணு காட்டுதாவ, விலை கேட்டா மலைப்பா இருக்கு, அதை வாங்கியே ஆகணுமா?"ன்னு கேக்காவ.

வாங்குறது கிடக்கட்டும், முதல்ல அந்த நூலை அவுத்துருங்க. இப்பவே. நம்ம பக்கத்துல பாதி வீட்டுல இந்த வேலைதான் நடக்குது, கயிறு கைக்கு வாகா இருக்குல்லா. ஆனா டியூப் மெத்துன்னு இருக்கும், நூல் இறுக்குனா உள்வழி நசுங்கி யூரின் நின்னுரும். அவிய ஒரு பக்கமா திரும்பி படுத்தா கயிறு இடுப்போட சேர்ந்து நகரும், நகருற ஒவ்வொரு தடவையும் டியூபை இழுக்கும். டியூப் ரெண்டா பிரியுற இடத்துல ஒரு சின்ன கிளை, கலர் வால்வு வச்சு இருக்கும் பாருங்க, அது பலூனுக்கு தண்ணி ஏத்துற வழி, அதுல கட்டவும் கூடாது ஒட்டவும் கூடாது.

டியூபை உள்ள புடிச்சு வச்சிருக்கது பிளாஸ்திரி இல்ல. மூத்திரப்பைக்குள்ள அந்த பலூன் இருக்கு, பெரும்பாலும் 10 மில்லி தண்ணி ஏத்தியிருப்பாவ, அதுதான் வெளிய வராம நிறுத்துது. வெளிய தொங்குற பை 2 லிட்டர் புடிக்கும், நெறஞ்சா 2 கிலோ, டியூபை உடம்புல எங்கனயும் நிறுத்தலன்னா அந்த 2 கிலோவும் அந்த குட்டி பலூனைத்தான் புடிச்சு இழுக்கும். யூரின்ல ரத்தம் கலந்து வாரது, "யூரின் முட்டுது, முட்டுது"ன்னு பெரியவர் அனத்துறது, டியூபைச் சுத்தி ஒழுகுறது, இதுக்கெல்லாம் அடைப்பும் கிருமியும் காரணமா இருக்கலாம், ஆனா பல நேரம் இந்த இழுப்புதான். அதனால எந்த சாமானை வாங்குனாலும் அது செய்ய வேண்டிய வேலை ஒண்ணுதான், வெளிய இழுக்குற இழுப்பு உள்ள போகாம தடுக்கணும். இது புரிஞ்சா கடைக்காரர் காட்டுத எதையும் நீங்களே எடை போட்டுருவீங்க.

எங்கன நிறுத்தணும்? பொம்பளைகளுக்கு தொடையோட உள்பக்கம். ஆம்பளைகளுக்கு தொடையோட மேல்பக்கம், இல்லன்னா அடிவயிறு. உங்க மாமா மாதிரி படுக்கையிலயே இருக்கவங்களுக்கு, ரொம்ப நாள் டியூப் இருக்கும்னா நான் அடிவயிறுதான் சொல்லுவேன். கீழ்நோக்கி வளைஞ்சு கெடந்தா ஆணுறுப்போட அடிப்பக்கத்துல டியூப் ஒரே இடத்துல அழுத்தி அழுத்தி புண்ணாகி பிளந்தே போயிரும், பாக்கவே சங்கடமா இருக்கும். வீட்டுல கூச்சப்பட்டு யாரும் வேட்டியை விலக்கிப் பாக்கதில்ல, அதான் இது லேட்டா தெரிய வருது. தினமும் சோப்புத்தண்ணியில கழுவும்போது பாத்துக்கிடுங்க, முன்தோலை பின்னுக்கு தள்ளி கழுவுனா மறக்காம திரும்ப முன்னுக்கு இழுத்து விட்டுரணும், அப்படியே விட்டா வீங்கி இறுகிக்கிடும், அப்புறம் அவசரமா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

ஒட்டுறதுக்கு முன்னால டியூப்ல கொஞ்சம் தொய்வு விடணும், காலை நீட்டி மடக்கிப் பாருங்க, டியூப் விறைக்காம இருந்தா சரி. தொய்வு விட்டாச்சுன்னு வளைஞ்சு முறுக்கிக்கிடவும் கூடாது.

இப்ப சாமானுக்கு வருவோம். மருந்துக்கடையில காட்டுன கிளிப், தோல்ல ஒட்டுற ஒரு பட்டை, அது மேல டியூபை கவ்வுற ஒரு பிளாஸ்டிக் பூட்டு, ஸ்டாட்லாக் மாதிரி பேர்ல வருது. நல்ல சாமான்தான், நான் குறை சொல்ல மாட்டேன், டியூப் முன்னயும் பின்னயும் ஓடாம புடிக்கும், ஒழுங்கா ஒட்டுனா ஒரு வாரம் வரை தாங்கும். 7 நாளுக்கு மேல வைக்கக் கூடாது, நல்லா இருக்கேன்னு ரெண்டு வாரம் இழுத்தா தோல் போயிரும். மாத்தி மாத்தி வாங்கணும்னா செலவுதான். மாமா டியூபை புடிச்சு இழுக்க ஆளா இருந்தா, ஏற்கனவே ஒரு தடவை பலூனோட இழுத்து ரத்தம் பாத்திருந்தா, அங்கன காசு பாக்காதீங்க. அமைதியா படுத்திருக்க மனுசர்னா கட்டாயம் இல்ல.

அடுத்தது தொடைப்பட்டி, எலாஸ்டிக்ல வெல்க்ரோ வச்சது. துவைச்சு திரும்பப் போடலாம், தோல்ல பசையே படாது, வேர்வைக்கு பயமில்ல, நம்ம வெயிலுக்கு இதான் தோது. ரெண்டு வாங்கி ஒண்ணு காயும்போது இன்னொண்ணைப் போடுங்க. ஆனா உங்க மாமாவுக்கு இடது காலுக்கு உணர்ச்சி சரியா இருக்காது, இறுக்குனாலும் சொல்லத் தெரியாது, அந்தக் கால்ல போடாதீங்க. வலது கால்ல போடுங்க, ரெண்டு விரல் உள்ள போற அளவு லூசா, தடம் விழுந்திருக்கான்னு காலையும் ராத்திரியும் பாத்துக்கிட்டு. கால் வீங்கியிருந்தா, கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்குன்னு டாக்டர் சொல்லியிருந்தா பட்டியே வேண்டாம், அடிவயித்துல ஒட்டுறதுதான்.

ரெண்டும் வேண்டாம்னா சாதா பிளாஸ்திரியிலயே செய்யலாம். டியூபை தோலோட சேர்த்து அமுக்கி ஒட்டாதீங்க. தோல்ல முதல்ல அகலமா ஒரு துண்டு ஒட்டி, இன்னொரு துண்டை டியூபைச் சுத்தி கொண்டுவந்து டியூபுக்கு கீழ பசையோட பசை ஒட்டி ஒரு சின்ன கழுத்து மாதிரி விட்டு, ரெண்டு முனையையும் அந்த அடித்துண்டு மேல விரிச்சு ஒட்டணும். மாத்தும்போது மேல் துண்டை மட்டும் எடுத்தா போதும், தோலை தினமும் உரிக்க வேண்டியதில்ல. வெள்ளைத் துணி பிளாஸ்திரி பிடி ஜாஸ்தி, வயசானவங்க தோலை உரிச்சிரும். மைக்ரோபோர்ங்குற பேப்பர் பிளாஸ்திரி தோலுக்கு நல்லது, ஆனா வேர்வையில நிக்காது. டைனாபிளாஸ்ட் இழுபடுற பிளாஸ்திரி, இழுத்து ஒட்டுனீங்கன்னா அது சுருங்கும்போது ஓரத்துல கொப்புளம் போடும், இழுக்காம வச்சு அமுக்குங்க.

பிளாஸ்திரி கழருறதுக்கு பாதி காரணம் தோல்ல இருக்க எண்ணெயும் பவுடரும். தேங்காஎண்ணெய் தடவி, மேல பவுடரும் போட்டா எந்த கம்பெனி பசையும் நிக்காது. சோப்பு போட்டு துடைச்சு, தண்ணி போக ஒத்தி, ஃபேன்ல காய விட்டு ஒட்டுங்க. முடி இருந்தா கத்தரியால கட்டையா வெட்டுங்க, ரேசர் வேண்டாம். தோல் ஏற்கனவே சிவந்திருந்தா பேரியர் ஃபிலிம்னு ஒரு துடைப்பான், ஸ்பிரே கிடைக்கும், தோல் மேல மெல்லிசா ஒரு படலம் போடும், நல்லா காஞ்ச பொறவு அது மேல ஒட்டலாம். புண்ணாயி நீர் வடிஞ்சா அங்கன எதையும் ஒட்டாதீங்க, இடத்தை மாத்துங்க.

எடுக்கும்போது சர்ருன்னு மேல தூக்காதீங்க. ஓரத்தை கிளப்பி, பிளாஸ்திரியை அது மேலயே மடிச்சு மெதுவா பின்னுக்கு கொண்டுபோங்க, இன்னொரு கை தோலை அமுக்கிப் புடிச்சிருக்கணும். வெதுவெதுப்பான தண்ணி தொட்டுக்கிடலாம். தேங்காஎண்ணெயும் பசையை இளக்கும், வயித்துப் பக்கமோ தொடையிலயோ டியூப் படாத இடத்துல மட்டும், பொறவு சோப்பு போட்டு கழுவிரணும். மஞ்சளும் பழுப்புமா இருக்க யூரின் டியூப் லேட்டக்ஸ், எண்ணெய் பட்டா ரப்பர் கெட்டுப்போகும், வாசலினும் அப்படித்தான்.

மூக்கு டியூப் வேற கதை, அங்கன பலூன் கிடையாது, பிளாஸ்திரி விட்டா எல்லாம் விட்டுது. மூக்குத் துவாரத்துகிட்ட டியூப்ல மார்க்கர் பேனாவால ஒரு கோடு போட்டு, அந்த இடத்துல இருக்க சென்டிமீட்டர் நம்பரை எழுதி வச்சுக்கிடுங்க. ஒவ்வொரு தடவை கஞ்சி கொடுக்க முன்னால அந்த கோடு அங்கனயே இருக்கான்னு பாருங்க. நகர்ந்திருந்தா கொடுக்காதீங்க, உள்ள தள்ளியும் விடாதீங்க, கஞ்சி நுரையீரலுக்குப் போனா ஆளையே எடுத்துரும். நர்ஸைக் கூப்பிடுங்க. ஒட்டுறதுக்கு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு எடுத்து பாதி வரை நடுவுல கத்தரிங்க, கால்சட்டை மாதிரி வரும். கத்தரிக்காத பாதி மூக்கு மேல, ரெண்டு காலையும் டியூபைச் சுத்தி ஒண்ணை இப்படியும் ஒண்ணை அப்படியும் சுத்தணும். டியூப் மூக்கோட ஓரத்துல மேல்நோக்கி அமுக்காம கீழ இறங்கி கன்னத்துக்குப் போகட்டும், ஒரே பக்கமா அமுக்குனா துவாரத்து ஓரம் புண்ணாகும். கன்னத்துல தொய்வோட இன்னொரு துண்டு. மூக்குத் தோல்ல பிசுக்கு ஊறும், அதனால தினமும் மாத்துங்க, ஒருத்தர் டியூபை புடிக்க இன்னொருத்தர் ஒட்ட. சட்டைல பின் குத்தி வைக்கச் சொல்லுவாவ, நம்ம மாமாமார் வெறும் மேலோட துண்டைப் போட்டுக்கிட்டு கெடப்பாவ, அங்கன எதுல குத்த, கன்னத்துப் பிளாஸ்திரியே போதும்.

ரெண்டு மூணு மணி நேரமா பையில யூரின் இறங்கலன்னா முதல்ல டியூப் மடங்கியிருக்கான்னு பாருங்க. மடங்கல, வயிறு உப்பி வலிக்குதுன்னா, இல்ல பலூனோட டியூப் வெளிய வந்து ரத்தம் வந்தா, குளிர் காய்ச்சல் அடிச்சா, நீங்களா எதையும் நுழைக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க, 108 கூப்பிடலாம். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல ஆரம்பிச்ச திட்டத்துல படுக்கையில இருக்கவங்களுக்கு வீட்டுக்கே நர்ஸ் வாராவ, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சு வைங்க.

டியூப் மாத்த பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு பஸ்லயோ வேன்லயோ போவீங்கள்லா, கிளம்பும்போது பையை காலி பண்ணிருங்க. மடியில வைக்காதீங்க, முன்சீட்டு கம்பியில மாட்டாதீங்க, யூரின் திரும்ப உள்ள போகும், எப்பவும் இடுப்புக்கு கீழ, தரையில படாம. ஏறி இறங்கும்போது பையை ஒருத்தர் தனியா கையில புடிச்சுக்கிட்டு பின்னாலயே வரட்டும். புது டியூப் போட்டதும் அது லேட்டக்ஸா சிலிக்கானா, அடுத்து என்னைக்கு மாத்தணும்னு சீட்டுல எழுதி வாங்கிக்கிடுங்க, சிலிக்கான்னா 12 வாரம் வரைகூட விடுவாவ, லேட்டக்ஸ் அதுக்கு முன்னாலயே மாத்தணும்.