எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்த பிறகும் சளிப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: தோட்டத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற என் தந்தை, பல வருடங்களுக்கு முன் காசநோய் வந்து மருந்து குடித்துக் குணமானவர். இப்போது ஒரு மாதமாக இருமலும் இரவில் வியர்வையும் இருக்கின்றன. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் தெரிவதாகச் சொன்ன வைத்தியர், மருந்து தராமல் சளியைக் கொண்டுவரச் சொல்கிறார். அவரை டவுனுக்கு அழைத்துப் போகும் ஒவ்வொரு நாளும் எனக்குப் பேர் (அன்றைய நாட்கூலி) இல்லாமல் போகிறது. படத்திலேயே தெரியும்போது ஏன் இந்த அலைச்சல்?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: ஒரு நாள் பேர் போவது சிறிய இழப்பல்ல என்பதை அறிவேன். ஆனாலும் வைத்தியர் சொன்னபடியே செய்யுங்கள். எக்ஸ்ரே நுரையீரலில் ஏற்பட்ட மாற்றத்தைக் காட்டுமே தவிர, அதை உண்டாக்கிய கிருமியைக் காட்டாது. காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கறுப்பாகவும், சளியோ நீரோ தழும்போ உள்ள இடம் வெள்ளையாகவும் விழும். பெரியவர்களுக்குக் காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில்தான் வரும் என்பதால், அங்கே திட்டுத்திட்டான வெண்மையும் நடுவே ஒரு பொந்தும் தெரிந்தால் முதல் சந்தேகம் அதன்மீதே விழுகிறது. நியூமோனியாவும் புற்றுநோயும்கூடச் சிலவேளை அதேபோன்ற நிழலைத் தரும்.

உங்கள் தந்தையாரின் நிலை இன்னும் சிக்கலானது. ஆறிய காசநோய் விட்டுச்சென்ற தழும்பு ஆயுள் முழுவதும் படத்தில் தெரியலாம். அந்தப் பகுதி சுருங்கி மூச்சுக்குழாயைத் தன் பக்கம் இழுத்திருக்கும், சுண்ணாம்பு படிந்த வெண்புள்ளிகளும் இருக்கும். அந்தத் தழும்புக்குள்ளேயே புதிய நோய் ஒளிந்திருந்தால், ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு அனுபவமுள்ள வைத்தியரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அலுமாரியின் மேல் பழைய எக்ஸ்ரே கிடந்தால் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எது பழையது, எது புதியது என்பது புலப்படும்.

சளிப் பரிசோதனையை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பு ஒருமுறை மருந்து எடுத்தவருக்கு மீண்டும் நோய் வந்தால், கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக இருக்கும் வாய்ப்பு அதிகம். சளியைச் சோதிக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம் சுமார் 2 மணி நேரத்தில் கிருமி உண்டா என்பதையும், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து அதன்மேல் வேலை செய்யுமா என்பதையும் சொல்லிவிடும். இதை எந்த எக்ஸ்ரேயாலும் சொல்ல முடியாது. குறைந்தது 6 மாதம் குடிக்க வேண்டிய மருந்தைத் தவறாகத் தொடங்கினால், அந்த இழப்பு சில நாள் பேரோடு நிற்காது.

காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்செடுத்து நெஞ்சிலிருந்து இருமி வரும் சளியைத்தான் பிடிக்க வேண்டும்; எச்சிலால் பயனில்லை. லய அறைக்குள் (தோட்ட வரிசை வீட்டு அறைக்குள்) வேண்டாம். வெளியே, காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் ஆளில்லாதபோது எடுக்கட்டும். மாவட்ட மார்புநோய் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

கேள்வி: மாமனாருக்குச் சளியில் காசக்கிருமி இருப்பது உறுதியாகிவிட்டது. நான் நாலு மாதக் கர்ப்பிணி. மூன்று வயதுப் பிள்ளையும் உண்டு. நாங்கள் எக்ஸ்ரே எடுக்கலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகக் குறைவு, வயிற்றிலுள்ள சிசுவை அடைவது அதிலும் சொற்பம். இருமலோ காய்ச்சலோ இருந்து வைத்தியர் தேவை என்று கருதினால், கர்ப்பிணி என்பதைப் படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தாமதிக்காமல் காட்டுங்கள். சிறு பிள்ளைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவதால் அவர்கள் விஷயத்தில் எக்ஸ்ரேக்குப் பெரியவர்களைவிட அதிக மதிப்புண்டு. நுரையீரல் வேரருகே நெறிக்கட்டிகள் வீங்கியிருக்கின்றனவா என்று வைத்தியர் பார்ப்பார். நோய் இல்லையென்று தெரிந்தாலும், 5 வயதுக்குட்பட்ட பிள்ளை என்பதால் தடுப்பு மருந்து தரச் சொல்வார்கள். அதை மறுக்காமல் கொடுங்கள்.