பெரிய ஏரியில் கிராப்பி மீன் எந்த மாதம் எந்த ஆழத்தில் கிடைக்கும்?

வீட்டருகே பெரிய ஏரி இருக்கிறது, பக்கத்தில் நிற்பவர்கள் கிராப்பி, ப்ளூகில் என்று வாளி நிறையக் கொண்டுபோகிறார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் மாட்டவில்லை, எந்தக் காலத்தில் எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வட கரோலினாவில் ராலிக்கு மேற்கே உள்ள ஜோர்டன் ஏரியில் பல வருடங்களாகத் தூண்டில் போடுகிறேன். அங்கே கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் ஏரியைப் புரிந்துகொள்ளுங்கள். ஜோர்டன் ஏரி இயற்கையானது அல்ல. 1945-இல் கேப் ஃபியர் ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, வெள்ளத்தைத் தடுக்கவென்று திட்டமிட்டு, ராணுவப் பொறியியல் படைப் பிரிவு கட்டிய அணை. 1980-களின் தொடக்கத்தில்தான் தண்ணீர் நிரம்பியது. பரப்பு கிட்டத்தட்ட 14,000 ஏக்கர். கரையில் நின்று பார்த்தால் எல்லா இடமும் ஒரே தண்ணீராகத் தெரியும். ஆனால் அடியில் பழைய ஆற்றுப் படுகை, ஓடைகள், முங்கிப்போன சாலைகள், மரத்தூர்கள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. மீன் அவற்றை ஒட்டித்தான் இருக்கும். மற்ற இடம் பெரும்பாலும் வெறும் தண்ணீர்.

அடுத்தது ஆழம். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் வருடம் மார்ச்சில் ஃபாரிங்டன் சாலைப் பாலத்தருகே கரையில் நின்று, ஊரில் கெளுத்திக்குப் போடுவது போலவே ஈயக் குண்டு கட்டி, இரையை அடியில் படுக்கவிட்டேன். காலையிலிருந்து மதியம் வரை ஒரு கடிகூட இல்லை. என்னிலிருந்து பத்தடி தள்ளி, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டிருந்தார். அதே சின்ன உயிர்மீன்தான் அவருக்கும் இரை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். என் ஈயத்தைக் கழற்றச் சொல்லி, தக்கையிலிருந்து முள் வரை நாலு அடி மட்டும் இருக்கும்படி நரம்பை அளந்து கொடுத்தார். பத்து நிமிடத்துக்குள் முதல் கிராப்பி வந்தது. அவர் சொன்னது ஒன்றுதான்: அது மேலே பார்க்கிற மீன், அதன் தலைக்கு மேலே போடு.

உண்மைதான். கிராப்பியின் கண் மேல்நோக்கி அமைந்தது. தனக்கு மேலே போகும் சிறுமீனை எழும்பி வந்து பிடிக்கும். தனக்குக் கீழே கிடக்கும் இரைக்காக இறங்குவது அரிது. ஓரடி மேலே போட்டால் பரவாயில்லை, ஓரடி கீழே போனால் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். காலம் மாற மாற இந்த ஆழம் மாறுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

வசந்த காலம் எல்லாருக்குமானது. பிப்ரவரி கடைசியில் தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டத் தொடங்கியதும், மீன் ஆழத்தை விட்டு ஓடை வாய்களுக்கு நகரும். 60-ஐ ஒட்டி வரும்போது கரையோரம் வந்து முட்டையிடும். டாக்வுட் மரம் பூத்தால் கிராப்பி கரைக்கு வந்துவிட்டது என்பது அந்தப் பகுதிக்காரர்கள் கணக்கு. எனக்கு அது பெரிதாகப் பொய்த்ததில்லை. ஜோர்டன் தண்ணீர் கலங்கல், வெளிச்சம் ஆழமாக இறங்காது. அதனால் இரண்டு முதல் நாலு அடியிலேயே முட்டையிடும். படகே வேண்டாம். முங்கிய புதர், விழுந்த மரம், பாலத்தின் கல் சரிவு, இவற்றை ஒட்டித் தக்கை போட்டால் போதும். இந்தச் சமயம் ஆண் மீன் கன்னங்கரேல் என்று நிறம் மாறி முட்டைக்குக் காவல் நிற்கும். முட்டைப் படுகை மேல் நிற்கிற ஆணைப் பிடித்தால் நான் திருப்பி விட்டுவிடுகிறேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அது போனால் முட்டைகளை ப்ளூகில் கூட்டம் தின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளத் தடுப்பு அணை என்பதால் ஏப்ரலில் நல்ல மழை பெய்தால் ஏரி அடிக்கணக்கில் ஏறிவிடும். ஏரியின் வழக்கமான நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 216 அடி. ஏறிய தண்ணீரோடு மீனும் காட்டுக்குள் போய்விடும். போன வாரம் பிடித்த இடத்திலேயே பிடிவாதமாக நிற்காதீர்கள். இப்போதுதான் முங்கிய செடிகளுக்கு நடுவே தேடுங்கள். கிளம்புமுன் நீர்மட்டத்தை இணையத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மே மாதம் கிராப்பி ஆழத்துக்குத் திரும்பும்போது ப்ளூகில் வந்துவிடும். அங்கே எல்லாரும் அதை 'பிரிம்' என்பார்கள். பார்வைக்கு நம் ஜிலேபிக் கெண்டையின் தம்பி போல இருக்கும், ஆனால் வேறு குடும்பம். தண்ணீர் 70-ஐத் தொடும்போது கரையோர மணலில் தட்டுத் தட்டாகக் குழி பறித்து, பத்து இருபது கூடுகள் ஒரே இடத்தில் அமைக்கும். தூண்டில் இரைக் கடைகளில் விற்கிற சில்வண்டையோ மண்புழுத் துண்டையோ மிகச் சின்ன முள்ளில் கோத்துப் போடுங்கள். அதன் வாய் அவ்வளவு சிறியது. பெரிய முள் போட்டால் இரையை மட்டும் உருவிக்கொண்டு போகும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல மாதம் கிடையாது. கோடை முழுவதும் இது விட்டு விட்டு முட்டையிடுவதால் ஆகஸ்ட் வரை ஏமாற்றாது. நத்தை ஓட்டை நொறுக்கித் தின்னும் ஷெல்கிராக்கர் என்ற அதன் அண்ணனும் இதே காலத்தில் கிடைக்கும். அதற்கு மட்டும் புழுவை அடியில் போட வேண்டும்.

கோடையில் கிராப்பி பகலில் கஷ்டம். மேல் தண்ணீர் கொதிக்கும். அடித் தண்ணீர் குளிர்ச்சிதான், ஆனால் அங்கே பிராணவாயு இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய அடுக்கில் மீன் ஒண்டிக்கொள்ளும். முப்பது அடித் தண்ணீரில் அடியில் போட்டால் அங்கே உயிரே இருக்காது. இரவில் பாலத்தடியில் விளக்குப் போட்டால் கதை வேறு. வெளிச்சத்துக்குப் பூச்சி, பூச்சிக்குச் சிறுமீன், அதற்குக் கிராப்பி என்று அரை மணியில் கூட்டம் சேரும்.

இலையுதிர் காலத்தில் ஷாட் என்ற இரைமீன்கள் ஓடைகளுக்குள் நுழையும். கிராப்பி அவற்றைத் துரத்திப் போகும். தினமும் இடம் மாறும் என்பதால் படகு இல்லாமல் எனக்கு அக்டோபரில் சரிப்பட்டதே இல்லை.

குளிர்காலத்தைத்தான் எல்லாரும் ஒதுக்குகிறார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான். டிசம்பர் பாதிக்கு மேல் மீன்கள் பழைய ஓடைப் படுகையின் விளிம்பில், பதினைந்து இருபது அடியில், நெருக்கமாகக் கூடிவிடும். ஒன்று கிடைத்த இடத்தில் இருபது இருக்கும். ஏரியில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். கரையில் வீடுகள் கிடையாது, பைன் மரங்களிலிருந்து வெண்தலைக் கழுகு இறங்கித் தண்ணீரைத் தொட்டுவிட்டுப் போகும். இங்கே 1/16 அவுன்ஸ் ஜிக் (ஈயத் தலை வைத்த முள்ளில் செய்த செயற்கை இரை) போதும். தண்ணீரில் போட்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இறங்க விடுங்கள். எந்த எண்ணில் தட்டியதோ அடுத்த முறையும் அதே எண்ணில் நிறுத்துங்கள். அப்புறம் அசைக்காதீர்கள். குளிரில் அது துரத்தாது, முகத்துக்கு நேரே நிற்பதைத்தான் உறிஞ்சும். கடி என்பது இழுப்பாக வராது. நரம்பு திடீரெனத் தளர்ந்தால், மீன் கவ்வி மேலே எழும்புகிறது என்று அர்த்தம்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். ஆறு அடி மெல்லிய தூண்டில் கழி, நாலு அல்லது ஆறு பவுண்டு தங்கூஸ் நரம்பு, கொஞ்சம் ஜிக். ஆழம் அதிகமானால் நரம்பில் வழுக்கி ஓடுகிற ஸ்லிப் ஃப்ளோட் தக்கை வாங்குங்கள். நரம்பில் போட்ட ஒரு சின்ன முடிச்சு, இரை எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். அந்த முடிச்சை நகர்த்தினால் ஆழம் மாறிவிடும். மீன் மாட்டியதும் சுண்டி இழுக்காதீர்கள். கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, கிழிந்து தப்பிவிடும். மெதுவாகச் சுற்றி, கரைக்கு வந்ததும் வலையில் ஏந்துங்கள்.

வட கரோலினாவில் 16 வயது ஆகிவிட்டாலே உரிமம் கட்டாயம், ஜூலை 4 அன்று மட்டும் விலக்கு உண்டு. எத்தனை எடுக்கலாம், எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்பது ஏரிக்கு ஏரி மாறும். உங்கள் மாநில விதியைப் பார்த்துவிட்டு, ஒரு அளவுகோலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கிராப்பியைக் குழம்பில் போடாதீர்கள். சதை மிக மென்மை, இரண்டு கொதியில் கரைந்துவிடும். முள் நீக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், எலுமிச்சைச் சாறு தடவி, அரிசி மாவில் புரட்டி வறுங்கள். ப்ளூகில்லைச் செதில் மட்டும் உரசிவிட்டு, தோலோடு, குறுக்கே கீறி முழுசாக வறுக்கலாம். எங்கள் வீட்டில் வால் பகுதிக்குத்தான் சண்டை.