ஓடாத இடத்திலும் ‘ரன்’

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. சரி, பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம்.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், “‘ரன்’னா ஓடுன்னு சொல்லிக்கொடுத்தியேம்மா, அப்புறம் எப்படி கிணறு ஓடும், துணியில கலர் ஓடும், காய்ச்சல் ஓடும்?” என்று மடக்கிவிட்டாள். இந்தச் சொல்லுக்கு மொத்தம் எத்தனை அர்த்தம்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: எண்ணியே வைத்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காகக் கணக்கெடுத்தபோது, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் இந்த ஒரு சொல்லோடு ஏறக்குறைய ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் ‘செட்’டுக்குத்தான், 430 பொருளோடு. ‘ரன்’ அதைத் தாண்டி ஓடிவிட்டது. ஆலை, ரயில், கடைசியில் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று புதிதாக எது வந்தாலும் அது இயங்குவதைச் சொல்ல ஆங்கிலேயர் இந்தச் சொல்லைத்தான் தேடிப்போனார்கள்.

645-ஐயும் மனப்பாடம் செய்யச் சொல்லி மகளை விரட்டாதீர்கள். பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், போதும். ‘ரன் டிரை’, ‘ரன் லோ’, ‘ரன் ஷார்ட்’ என்று பின்னால் ஒரு நிலைமையைச் சொல்லும் சொல் வந்தால், அந்த நிலைமைக்கு வந்துவிட்டது என்று பொருள். ‘தி வெல் ஹேஸ் ரன் டிரை’ என்றால் கிணறு வற்றிவிட்டது, அவ்வளவுதான். (அங்கே ‘ஹேஸ் ரேன்’ என்று எழுதினால் மார்க் போய்விடும், ஜாக்கிரதை.)

துணி விஷயத்தில் ஆங்கிலம் நம்மைவிடக் கறார். புதுச் சிவப்புப் பாவாடையோடு வெள்ளைச் சட்டையையும் சேர்த்து ஊறப்போட்டு, சட்டை ரோஸ் கலரில் வெளியே வந்தால் அது ‘ரன்’, சாயம் நிஜமாகவே ஓடிப்போய்ப் பக்கத்துத் துணியில் ஏறியிருக்கிறது. வெயிலில் காய்ந்து காய்ந்து வெளுத்துப்போனால் அது ‘ஃபேட்’. நாம் இரண்டையும் ‘சாயம் போச்சு’ என்று ஒரே வாயில் முடித்துவிடுகிறோம்.

காய்ச்சல்? ‘ஷி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் அவளுக்குக் காய்ச்சல் அடிக்கிறது. இதில் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. நம் ஊரில் காய்ச்சல் அடிக்கும், வெயில் அடிக்கும், காற்று அடிக்கும், போன் அடிக்கும், சுவருக்குப் பெயின்ட் அடிப்போம், பிள்ளைக்கு மொட்டை அடிப்போம், பரீட்சையில் காப்பி அடிப்போம், சாயங்காலம் சிலர் தண்ணி அடிப்பார்கள். தமிழ் கற்றுக்கொள்ள வரும் வெள்ளைக்காரர் இதற்காக எங்கே போய் அழுவார்?

கேள்வி: பழைய வாத்தியாரைச் சந்தித்ததை ‘ஐ ரேன் ஓவர் மை டீச்சர்’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆளாளுக்கு ‘அவர் உயிரோடு இருக்கிறாரா?’ என்று கேட்கிறார்கள்.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேட்கத்தான் செய்வார்கள். அவர்மேல் வண்டியை ஏற்றிவிட்டேன் என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்! தற்செயலாகப் பார்த்தால் ‘ரேன் இன்ட்டு’. அதுவும் ஆளுக்குத்தான். ‘ரேன் இன்ட்டு எ வால்’ என்றால் சுவரில் போய் மோதியது. ‘ரன் ஓவர்’ பின்னால் ‘நோட்ஸ்’ வந்தால், குறிப்புகளை ஒரு தடவை வேகமாகப் பார்த்துக்கொள்வது. வாத்தியார் வந்தால் கேஸ்.

கேள்வி: மேனேஜர் மெயிலில் ‘ரன் இட் பை மீ’ என்கிறார். என்ன செய்ய வேண்டும்?
– வேலைக்குப் புதியவர், சென்னை

பதில்: செய்வதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘ரன் திஸ் பை அக்கவுன்ட்ஸ்’ என்று சொன்னார்கள். ஃபைலை எடுத்துக்கொண்டு வேகவேகமாக மாடிப்படி இறங்கி, அக்கவுன்ட்ஸ் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஓட்டமாகக் கொண்டுபோய்க் கொடு என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து “அவங்க என்ன சொன்னாங்க?” என்று கேட்டபோதுதான் உறைத்தது. ஃபைல் வைத்த இடத்திலேயே இருந்தது, அதன்மேல் யாரோ டிபன் பாக்ஸ் வைத்திருந்தார்கள்.

கேள்வி: தேர்தலில் போட்டியிடுவதற்கு ‘ரன்’ சரியா, ‘ஸ்டாண்ட்’ சரியா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: அமெரிக்காவில் ஓடுகிறார்கள், பிரிட்டனில் நிற்கிறார்கள். நாமும் ‘எலெக்‌ஷன்ல நிக்கிறார்’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் கடை, கம்பெனி என்று வந்தால் அவர்கள் இரு நாட்டாருமே அதை ஓட்டுகிறார்கள், ‘ரன் எ பிசினஸ்’. நாம் அதை ‘நடத்துகிறோம்’, நடக்க வைக்கிறோம். குடும்பத்தை மட்டும் ஏனோ நாமும் ஓட்டுகிறோம். சம்பளம் அப்படி.

கேள்வி: ‘ரன் ஆஃப் தி மில்’ என்று கிரிக்கெட் கமென்ட்ரியில் கேட்டேன். அது என்ன ரன்?
– மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோயம்புத்தூர்

பதில்: உங்களுக்குத்தான் இது சட்டென்று புரியும். ஆலையிலிருந்து வந்த சரக்கு, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்காமல் வந்தபடியே கிடப்பது. அதிலிருந்து, விசேஷமாக ஒன்றும் இல்லாத சாதாரண ஆள், சாதாரண ஆட்டம் எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. கிரிக்கெட் ரன்னுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த ரன்னுக்கே ஒரு காலத்தில் ‘நாட்ச்’ என்றுதான் பெயர், ஓட்டத்துக்கு ஒன்றாகக் குச்சியில் கத்தியால் வெட்டுப் போட்டு எண்ணினார்கள்.

கேள்வி: ‘ரன்னிங் ரேஸ்’ தப்பா? லண்டனில் இருக்கும் பேரன் சிரிக்கிறான்.
– ஒரு தாத்தா, மதுரை

பதில்: தப்பில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் ‘ரேஸ்’ என்றாலே போதும். நம் பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேயில் சாக்கு ரேஸ், லெமன் ஸ்பூன் ரேஸ் எல்லாம் இருப்பதால், வெறுமனே ஓடுகிற ரேஸுக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. பேரனை லீவுக்கு வரச்சொல்லி ஒரு சாக்கைக் கொடுத்துப் பாருங்கள்.